அப்பமும் பணியும்: கல்விக்கூடங்களில் மாற்றுத்திறனாளர் பெற்ற இடம்

முன்னுரை

பார்வையற்ற ஒருவர் கல்லூரியில் கற்கலாம் என்பதை நம் சமுதாயம் ஏற்றுக்கொண்டு நெடுநாள் ஆகிறது. அவரே அக்கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து கற்பிக்கலாம் என்றால் இன்றும் பலர் தயங்குகின்றனர். கரும்பலகையில் எவ்வாறு எழுதுவார், விடைத்தாளை எவ்வாறு திருத்துவார், வகுப்பை எவ்வாறு அடக்குவார் என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. இவ்வினாக்கள் தீய எண்ணத்தால் எழுவன அல்ல. ஆயினும் இவற்றின் அடியில், ஒரு வேலை இன்று எவ்வாறு செய்யப்படுகிறதோ அவ்வாறுதான் அது என்றும் செய்யப்படவேண்டும் என்னும் எண்ணம் மறைந்து கிடக்கிறது. வேலையின் சாரம் எது, அதைச் செய்யும் வழக்கம் எது என்று பிரித்துப் பார்க்காமையே இத்தயக்கத்தின் வேர்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதன் பயனே, இன்றைய சட்டம் 'நியாயமான ஏற்பாடு' என்று குறிப்பிடும் கருத்து. உடற்குறை உடைய பணியாளரோ பணி நாடுவோரோ மற்றவர்களுக்கு இணையாகப் பணியாற்றும்பொருட்டு, நிறுவனம் தன் முறைகளிலும் கட்டடங்களிலும் கருவிகளிலும் செய்யவேண்டிய தேவையான மாற்றமே அது. நிறுவனத்தின்மீது தாங்கொணாச் சுமையை ஏற்றாதிருத்தல் அதன் எல்லை. இக்கருத்து எவ்வாறு தோன்றி வளர்ந்து நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்கு வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அப்பம் உண்டு, பணி இல்லை

லேவியராகமம் 21ஆம் அதிகாரம் ஆயர்களுக்குச் சற்றுச் சங்கடம் தரும் பகுதி. ஆரோனின் சந்ததியில் பிறந்தவன் குருடனாகவோ சப்பாணியாகவோ வேறு அங்கக்குறை உடையவனாகவோ இருந்தால் பலிபீடத்தண்டையில் சேரலாகாது என்று அது விதிக்கிறது. அவ்விதியின் மறுபாதியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவன் பரிசுத்தமானவற்றிலும் மகா பரிசுத்தமானவற்றிலும் பங்குபெற்று உண்ணலாம். அவனுடைய பிழைப்புக்கு வழி உண்டு. அவனுடைய பணிக்கு வழி இல்லை. இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத் தாவீதின் பந்தியில் நாள்தோறும் உணவருந்தியதும் இவ்வாறானதே. இரக்கம் அங்கே நிறைவாக இருந்தது. ஆனால் அவனுக்கென ஒரு பொறுப்பு அரண்மனையில் கொடுக்கப்பட்டதாக நாம் வாசிப்பதில்லை.

இதற்கு எதிரான சாட்சியும் அதே வேதாகமத்தில் உண்டு. தான் திக்குவாயன் என்று மோசே பின்வாங்கியபோது, அழைப்பு திரும்பப் பெறப்படவில்லை. பேசுவதற்கு ஆரோன் துணையாகக் கொடுக்கப்பட்டான். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, அமர்வதற்கு ஒரு கல் வைக்கப்பட்டது. ஆரோனும் ஊர் என்பவனும் இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினர். வேறொருவன் மோசேயின் இடத்தில் நிறுத்தப்படவில்லை என்பது கருதத்தக்கது. ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தைத் தன் கையால் எழுதியவர் தெர்தியு. ஆயினும் அது பவுலின் நிருபமே என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அப்பத்தை அளித்துப் பணியை மறுக்கும் மரபு ஒன்று. பணியைக் காத்து முறையை மாற்றும் மரபு மற்றொன்று. பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த போராட்டம் எனலாம்.

2. கேம்பிரிட்ஜ் கண்ட மூவர்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் 1682ஆம் ஆண்டு பிறந்த நிக்கலஸ் சாண்டர்சன், ஒரு வயதளவில் பெரியம்மையால் பார்வையை முற்றிலும் இழந்தார். கணிதத்தில் பெருந்திறன் பெற்ற அவர் 1707ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது அப்பல்கலைக்கழகத்தின் மாணவராகக்கூடப் பதிவுபெற்றிருக்கவில்லை. அங்கு நியூட்டனுக்குப்பின் கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் விஸ்டன், அவர் விரிவுரை நிகழ்த்துவதற்கு இடமளித்தார். திரித்துவம்பற்றிய மாறுபட்ட கொள்கைக்காக விஸ்டன் 1710ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தினின்று நீக்கப்பட்டார். திருச்சபை வரலாறு பயில்வோர் விஸ்டனை அறிவர். அவருடைய இடத்திற்கு வந்தவரை அறிவோர் சிலரே.

அவ்விடத்திற்குத் தகுதியானவர் சாண்டர்சன் என்பதை அறிஞர் ஒப்புக்கொண்டனர். ஆனால் அவரிடம் பட்டம் இல்லை. 1711 நவம்பரில் ஆன் அரசியார் தம் ஆணையால் அவருக்கு முதுகலைப் பட்டம் வழங்க, மறுநாளே அவர் லூக்காசியன் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1739ஆம் ஆண்டு மரிக்கும்வரை அப்பதவியை வகித்தார். பேராசிரியருக்கு அறிவு இருக்கவேண்டும் என்பது பதவியின் சாரம். அவ்வறிவு இன்ன வழியில் வந்திருக்கவேண்டும் என்பது வழக்கம். வழக்கம் விலகி நின்றது, சாரம் காக்கப்பட்டது.

அவர் தாமே செய்துகொண்ட ஏற்பாடும் உண்டு. துளையிட்ட பலகையில் பெரிதும் சிறிதுமான ஊசிகளைக் குத்தி, அவற்றை விரலால் தடவிக் கணக்கிடும் முறையை அவர் அமைத்தார். அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த ஜான் கோல்சன் அதனை விளக்கி எழுத, அவ்விளக்கம் 1740ஆம் ஆண்டு வெளிவந்த சாண்டர்சனின் இயற்கணித நூலில் இடம்பெற்றது. பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறப்பதற்கு (1809) ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டது இப்பணி.

அதே கேம்பிரிட்ஜில் 1863ஆம் ஆண்டு பொருளாதாரப் பேராசிரியரான ஹென்றி பாசெட், ஐந்து ஆண்டுகளுக்குமுன் துப்பாக்கி விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர். பிறர் வாசிக்கக் கேட்டே தம் கல்விப்பணியையும் பாராளுமன்றப் பணியையும் செய்தார். இந்தியாவின் நிதி நிலைமையைக் குறித்து விடாது குரலெழுப்பியதால், இந்தியாவின் உறுப்பினர் என்றே அவர் அழைக்கப்பட்டார். 1880ஆம் ஆண்டு பிரிட்டனின் அஞ்சல்துறைத் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

மூன்றாமவர் ஸ்டீபன் ஹாக்கிங். சாண்டர்சன் வகித்த அதே லூக்காசியன் பதவியை 1979 முதல் 2009 வரை வகித்தவர். தசைகள் செயலிழக்கும் நோயினால் சக்கர நாற்காலியை நாடிய அவர், 1985ஆம் ஆண்டு பேச்சையும் இழந்தார். அதன்பின் 24 ஆண்டுகள் கணினியின் வழியாகப் பேசியே அப்பதவியில் நீடித்தார். மாணவர் முன் வாய்திறந்து பேச இயலாதவர் பேராசிரியராக இருத்தல் இயலாது என்று 1985இல் எவரேனும் விதித்திருந்தால், இழப்பு ஹாக்கிங்குக்கு மட்டும் நேர்ந்திராது.

ஆனால் இம்மூவரும் விதிவிலக்குகள். அரசியின் தயவோ, செல்வாக்கோ, உலகப்புகழோ அவர்களுக்குத் துணைநின்றது. இவை எதுவும் இல்லாத எளிய பணியாளருக்கு உரிமை வேண்டுமானால், அதற்குச் சட்டம் தேவைப்பட்டது.

3. ஓய்வுநாள் தந்த சட்டச் சொல்

அச்சட்டக் கருத்து உடற்குறை பற்றிய விவாதத்தில் பிறக்கவில்லை. ஓய்வுநாள் ஆசரிப்பிலே பிறந்தது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சமயத்தின் காரணமாகப் பணியில் வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது. ஆனால் சனிக்கிழமையையோ ஞாயிற்றுக்கிழமையையோ ஓய்வுநாளாகக் கொண்டு அன்று வேலைசெய்ய மறுப்பவரை என் செய்வது என்ற வினா எழுந்தது. எல்லாரையும் ஒரே வேலைநேர அட்டவணையில் அடைப்பது சமத்துவம் போலத் தோன்றினாலும், சிலரை அது வெளியே தள்ளிவிட்டது.

மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ப், ஏழாம்நாள் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். பெரும் இடர்ப்பாடு நேராதவரையில் பணியாளரின் சமய ஒழுக்கத்திற்கு நியாயமான ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை என்னும் திருத்தத்தை 1972ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டின் திருத்தச்சட்டம், அதுவரை விலக்குப் பெற்றிருந்த கல்வி நிறுவனங்களையும் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. இதே ராண்டால்ப், கூட்டரசுக் கட்டடங்களில் பார்வையற்றோர் கடை நடத்த வழிசெய்த 1936ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மொழிந்த இருவருள் ஒருவர் என்பது வரலாற்றின் அரிய இயைபு.

1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டரசு நிதி பெறும் எந்நிறுவனமும் உடற்குறையின் காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்றது. இதனுள் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அடங்கின. அப்பிரிவுக்கான விதிகள் நான்காண்டுகள் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவின் கூட்டரசு அலுவலகத்தினுள் மாற்றுத்திறனாளர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். அம்மாதம் 28ஆம் நாள் விதிகள் கையொப்பமாயின. 'நியாயமான ஏற்பாடு' என்ற சொல் அவ்விதிகளின் வழியே மாற்றுத்திறனாளரின் உரிமைச்சொல் ஆயிற்று. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும், 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையும் அதனை உலகச்சொல் ஆக்கின. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2007 அக்டோபரில் உறுதிசெய்தது.

4. பாளையங்கோட்டை முதல் உச்சநீதிமன்றம் வரை

நம் நாட்டில் இப்பயணம் மிஷன் பள்ளிகளில் தொடங்கிற்று. 1887ஆம் ஆண்டு ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரசில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1890களில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்காகவும், பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவிகேளாதோருக்காகவும் கல்விப்பணியை மேற்கொண்டனர். அறம் என்றால் சோறிடுவது என்றிருந்த காலத்தில், எழுத்தறிவும் கைத்தொழிலும் கொடுக்கலாம் என்று காட்டியது பெரும் புரட்சியே. ஆயினும் அக்காலத்தோர் பார்வையற்றவருக்கு உரிய தொழில் என்று கருதியது பிரம்பு பின்னுதலும் பாய் முடைதலும் போன்றவற்றையே.

விடுதலைக்குப் பின்னும் இவ்வெல்லை உடனே விரியவில்லை. நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு ஊனத்தைப் பொது உதவிக்குரிய ஒரு நிலையாகக் குறிப்பிடுகிறது. வேற்றுமை காட்டலாகாது என்று விதிக்கும் 15, 16ஆம் பிரிவுகளின் காரணப்பட்டியலில் ஊனம் இடம்பெறவில்லை. 1977ஆம் ஆண்டு மத்திய அரசு மூன்று விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தபோதும், அது 'சி', 'டி' என்னும் கீழ்நிலைப் பணிகளுக்கே பொருந்திற்று. பிரெயில் எழுத்திலோ எழுதுபவர் துணையுடனோ குடிமைப்பணித் தேர்வு எழுதலாம் என்பதற்கு 1993ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா நிலைகளுக்கும் மூன்று விழுக்காட்டை விரித்தது. பணிக்காலத்தில் உடற்குறை அடைந்தவரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்றும் அதன் 47ஆம் பிரிவு விதித்தது. ஆயினும் நியாயமான ஏற்பாடு என்ற சொல் அதில் இல்லை. ஆசிரியர்களைப் பொறுத்தவரையில் அக்குறையை நிரப்பியது 2010ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. மூளைமுடக்கு வாதம் உடைய காசுமீரத்து ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுத இயலாதவர் என்று நீக்கப்பட்டிருந்தார். படங்களைத் திரையில் காட்டும் மின்னணுக் கருவி ஒன்று அக்குறையைப் போக்கும் என்று உச்சநீதிமன்றம் கூறி, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கரும்பலகை வழக்கம், மாணவர் விளங்கிக்கொள்வதே சாரம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாகவும், ஒதுக்கீட்டை நான்கு விழுக்காடாகவும் அது உயர்த்தியது. அதன் 20ஆம் பிரிவு நியாயமான ஏற்பாட்டை அரசு நிறுவனங்களின் கடமையாக்கிற்று.

சட்டம் வந்தவுடன் எண்ணம் மாறிவிடவில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2014ஆம் ஆண்டு உரிமையியல் நீதிபதித் தேர்வில், பார்வைக்குறை 50 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க இயலாதவாறு வரம்பு விதிக்கப்பட்டது. 70 விழுக்காடு பார்வைக்குறை உடைய ஒருவர் தொடுத்த வழக்கில், நீதிபதிக்குப் பார்வையும் கேள்வியும் பேச்சும் ஓரளவேனும் இருத்தல் வேண்டும் என்று கருதி, உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அவ்வரம்பை ஏற்றது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகும் நோயுடைய தேர்வர் ஒருவருக்கு எழுதுபவரின் துணை மறுக்கப்பட்ட வழக்கில், அதே நீதிமன்றத்தின் மூவர் ஆயம் முந்தைய தீர்ப்பு நியாயமான ஏற்பாட்டைக் கருதத் தவறியது என்று சுட்டி, அது இனி முன்மாதிரியாகாது என்றது. 2025 மார்ச் 3ஆம் நாள், பார்வையின்மையை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் நீதித்துறைப் பணிக்குப் புறம்பாக்கலாகாது என்ற தெளிவான தீர்ப்பு வந்தது. இதற்கிடையில், பார்வை முற்றிலும் இல்லாத சென்னைப் பெண்மணி பெனோ ஜெபின் 2015ஆம் ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியில் அமர்த்தப்பட்டிருந்தார்.

5. சிக்கலிலிருந்து காரைக்குடிக்கு

இத்தீர்ப்புகள் யாருக்காக? இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலுள்ள சிக்கல் போன்ற ஓர் ஊரில், பார்வையற்ற முதுகலைப் பட்டதாரி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக்கல்லூரி இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகம், சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியில் 1985இல் தோன்றியது. அதுபோன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் பணிக்கோ அலுவலகப் பணிக்கோ அவர் முயல்கிறார் எனில், அவர் கடக்கவேண்டிய படிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

முதலாவது, விளம்பரம். கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், எழுத்துகளை வாசிக்கும். தாளைப் படமெடுத்து வெளியிட்டால் அது ஊமையாகிவிடும். இரண்டாவது, சான்றுகள். மருத்துவக் குழுவின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறப் பலமுறை மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் செல்லவேண்டும். மூன்றாவது, எழுத்துத் தேர்வு. எழுதுபவர் துணையும், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத ஈடுநேரமும் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் கூறப்பட்டன. தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர் அதை அறியாவிடில் அது தாளோடு நின்றுவிடும். நான்காவது, நேர்முகத் தேர்வு. பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு மாறாக, நீங்கள் எப்படி வந்துசேர்ந்தீர்கள் என்பதிலேயே நேரம் கழிவதுண்டு. ஐந்தாவது, பணியிடம். வகுப்பு எந்த மாடியில், கோப்பு எவ்வடிவில், விடைத்தாளை வாசித்துக் காட்டுபவர் யார் என்பவை அங்கே எழும்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்தறிதல் அவசியம். இடஒதுக்கீடு, வாசலைத் திறப்பது. மதிப்பெண் தளர்வு, வாசற்படியைத் தாழ்த்துவது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியப் பணிக்கு ஐந்து விழுக்காடு தளர்வு அளித்தன. நியாயமான ஏற்பாடோ, உள்ளே வந்தவர் பணியாற்றுவதற்கு வழியமைப்பது. முதலிரண்டும் அளிக்கப்பட்டு மூன்றாவது மறுக்கப்பட்டால், அவர் ஊதியம் பெறுவார், வேலை பெறமாட்டார். மூலையில் ஒரு நாற்காலியும் மாத இறுதியில் சம்பளமும் கொடுத்து, பொறுப்பு எதையும் கொடாமல் வைப்பது லேவியராகமத்தின் பழைய ஏற்பாட்டையே அலுவலகத்தில் மீண்டும் நடத்துவதாகும்.

6. எழும் தடைகள்

செலவு மிகும் என்பது முதற்தடை. வகுப்பை மேல்மாடியிலிருந்து தரைத்தளத்திற்கு மாற்றச் செலவில்லை. சுற்றறிக்கையைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பச் செலவில்லை. கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக, முகம் தெரியப் பேசினால் செவிப்புலன் குறைந்தவர் உதட்டசைவைப் பின்பற்றலாம், அதற்கும் செலவில்லை. செலவாகும் ஏற்பாடுகளுக்குச் சட்டமே எல்லை வகுத்துள்ளது.

தரம் குறையும் என்பது இரண்டாம் தடை. நியாயமான ஏற்பாடு தரத்தைத் தொடுவதில்லை. கணிதம் தெரியாத சாண்டர்சனை அரசியின் ஆணையும் பேராசிரியர் ஆக்கியிராது.

மற்றவர்க்கு அநீதி என்பது மூன்றாம் தடை. ஒரு துறையில் ஒருவருக்கு வேலை குறைந்து அதன் சுமை உடன்பணியாளர்மீது சத்தமின்றி ஏறினால், மனக்கசப்பு விளைவது இயல்பே. இத்தடையை எளிதாக ஒதுக்கலாகாது. ஆனால் அது ஏற்பாடு மிகுந்ததால் வந்த தீங்கன்று. நிறுவனம் செய்யவேண்டியதை உடன்பணியாளரின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்ததால் வந்தது. வாசித்துக் காட்ட ஓர் உதவியாளரை நிறுவனம் அமர்த்தினால், அது ஏற்பாடு. நண்பர் ஒருவர் தம் ஓய்வுநேரத்தில் வாசித்தால், அது தயவு. தயவு சோர்ந்துபோகும்.

முடிவுரை

2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் உதவி பெறும் நிறுவனத்தையும் 'அரசு நிறுவனம்' என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. உதவிபெறும் கல்லூரிகளை நடத்தும் திருச்சபைகள் இதனை நினைவிற்கொள்ளவேண்டும். உதவி பெறாத தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடவேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியுமிடத்தில் அக்கொள்கை விரிவாக இருக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இறையியல் கல்லூரிகளும் மறைமாவட்ட அலுவலகங்களும் இவ்வினாவுக்கு அப்பாற்பட்டவை அல்ல.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த நான்சி ஐஸ்லாண்ட், பிறவியிலேயே எலும்புக் குறைபாட்டோடு வாழ்ந்தவர். உயிர்த்தெழுந்த கிறிஸ்து காயத்தழும்புகளோடு காட்சியளித்தார் என்பதை அடிப்படையாக்கி, உடற்குறையைப் பாவத்தோடும் பரிதாபத்தோடும் பிணைத்த பழைய போதனையை 1994ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் மறுத்தார். அந்நூலை எழுதியவர் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பதும் நம் கருத்துக்கு உரியது. அவருக்கு வகுப்பறையில் இடமில்லாதிருந்தால், உலகத் திருச்சபைகள் அவ்விறையியலை அவரிடமிருந்து பெற்றிரா.

நம் திருச்சபைகள் இம்மண்ணில் பார்வையற்றோருக்கும் செவிகேளாதோருக்கும் முதலிற் பள்ளி திறந்தோருள் அடங்கும். அப்பள்ளிகளிற் கற்றுத் தேர்ந்து வந்தவர்கள் ஆசிரியராக, எழுத்தராக, நூலகராக, ஆயராக நம் நிறுவனங்களிலேயே விண்ணப்பிக்கும்போது நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே. உம்மால் இதைச் செய்ய இயலுமா என்பதன்று அவ்வினா. இதைச் செய்ய உமக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதே. அதைக் கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, அடுத்த நிருவாகக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது ஆயர்களாலும் இறையியல் மாணவர்களாலும் இன்றே இயலும் காரியம்.